மொழிபெயர்ப்பவரைக் கவனிக்கும் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

மருத்துவமனை, காவல் நிலையம், பள்ளி போன்ற இடங்களில் இரு மொழிக்காரர்களுக்கு நடுவே நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்குச் சொல்வதைச் சமூக வாய்மொழிபெயர்ப்பு என்கிறோம். 2014இல் வெளியான ஐஎஸ்ஓ 13611 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கென வழிகாட்டு நெறிகளை வகுத்தது. சேலத்திலோ ஏற்காட்டிலோ இந்த வேலை பெரும்பாலும் மேஸ்திரியின் தலையிலோ, தமிழ் பழகிவிட்ட சக தொழிலாளியின் தலையிலோ, பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலையிலோ விழுகிறது. ஆய்வாளர்களான நாம் அவர்களைப் பயிற்சி பெற்றவர்களுக்கான நெறிகளால் அளந்து, குறைகளை எண்ணிப் பட்டியலிடுவது ஆய்வாகாது. அந்தப் பட்டியல் களத்துக்குப் போகும் முன்பே நம் கையில் இருந்ததுதான்.

இதை நானும் செய்திருக்கிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒடியா பேசும் பெண் ஒருவருக்காக மேஸ்திரி மருத்துவரிடம் பேசியபோது உடனிருந்தேன். அந்தப் பெண் நெடுநேரம் பேசினார். மேஸ்திரி, "மூணு நாளா வயித்து வலிங்க சார்" என்று முடித்துக்கொண்டார். ‘மேஸ்திரி மறைக்கிறார்’ என்று எழுதிவைத்தேன். பல வாரங்கள் கழித்துக் களக்குறிப்பேட்டைப் புரட்டியபோது, மருத்துவரின் கேள்விகளைச் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்த நான், அந்தப் பெண்ணின் பேச்சு முழுவதையும் ‘ஏதோ சொன்னார்’ என்ற இரண்டே சொற்களில் அடக்கியிருந்தது தெரிந்தது. எனக்கு ஒடியா தெரியாது. உட்கார்ந்திருந்ததும் மருத்துவரின் பக்கத்து நாற்காலியில். சுருக்கியதில் மேஸ்திரியை நான் மிஞ்சியிருந்தேன். நடுவில் நிற்பவர் சொற்களைக் கடத்துவதோடு, யார் எப்போது பேசுவது என்பதையும் ஒழுங்குசெய்கிறார் என்று சுவீடன் ஆய்வாளர் செசிலியா வாடன்ஷோ 1990களிலேயே காட்டியிருந்தார். அதைப் படித்திருந்தும் என் காதில் ஏறவில்லை.

மொழி தெரிந்த இடத்தில் வேறொரு தவறு காத்திருக்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு. பெயரைக் கேட்டு மலையாளம் என்று வெளியூர்க்காரர் மயங்குவதாவது எளிதில் திருத்தக்கூடியது; ‘தமிழ்தானே, இங்கே மொழிபெயர்ப்புக்கு என்ன வேலை’ என்று உள்ளூர் ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துவிடுவதைத் திருத்த யாரும் வருவதில்லை.

ஆய்வேட்டின் முன்னுரையில் ‘நான் இன்ன ஊர், இன்ன பின்னணி’ என்று ஒரு பத்தி எழுதித் தற்சோதனை முடிந்ததாகக் கருதுவதும் வழக்கமாகிவிட்டது. அது விண்ணப்பப் படிவம் நிரப்புவதைப் போன்றது. எந்த நாளில் எந்த முடிவை மாற்றினோம், யாரைக் கண்டு எரிச்சல் வந்தது என்பவை தேதியோடு குறிப்பேட்டில் இருந்தால்தான் அந்தப் பத்தி எதையாவது சொல்லும்.

எல்லாவற்றையும் விட எளிதாகக் கண்ணுக்குத் தப்புவது ஒப்புதல் பெறும் நேரம். யாருடைய மொழிபெயர்ப்பை ஆராய்கிறோமோ அவர் வாயிலாகவே தொழிலாளியிடம் சம்மதம் கேட்கிறோம். அவரே கூலியும் கொடுப்பவர் என்றால், தொழிலாளியின் தலையாட்டல் நமக்கா, அவருக்கா? அந்த ஒரு உரையாடலையாவது தோட்டத்தோடு தொடர்பில்லாத வேறொருவரை வைத்து, மேஸ்திரி இல்லாத நேரத்தில் நடத்த வேண்டும். நான் அப்படிக் கேட்டபோது முன்பு தலையாட்டியவர்களில் இருவர் மறுத்துவிட்டார்கள்.