இருங்காட்டுக்கோட்டைக்கு பைக் ரேஸ் பார்க்கப் போகிறீர்களா? நம்ம ஊர்ப் பசங்க வழக்கமாகச் செய்யும் தப்புகள்

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கத்தில் பைக் பைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை. ஓசூரில் வண்டி தயாராகிறது, போச்சம்பள்ளியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தயாராகிறது, தெருவுக்கு ரெண்டு பேராவது ஏதோ ஒரு வண்டிக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார்கள். 2025 ஜனவரியில் நடிகர் அஜித்தின் அணி துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு டீக்கடையில்கூட ரேஸ் பேச்சுதான். அதெல்லாம் சரி. ஆனால் நிஜமான ரேஸ் டிராக்குக்கு நேரில் போகும்போது மட்டும் பெரும்பாலான கும்பல் ஒரே மாதிரி சொதப்புகிறது: ஞாயிற்றுக்கிழமை காலையில் லேட்டாகக் கிளம்பி, ஆம்பூரில் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்து, வெயிலில் பாதித் தூக்கத்தில் ரெண்டு ரேஸ் பார்த்து, நாலு ரீல்ஸ் எடுத்து, "டிவியில பாக்குற மாதிரி இல்லையேடா" என்று புலம்பிக்கொண்டே ஊர் திரும்புகிறது. டிவியில் பார்ப்பதை டிராக்கில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டிராக்கில் கிடைப்பது வேறு. அது பெரும்பாலும் பேடாக்கில், அதாவது அணிகள் கூடாரம் போட்டு வண்டி வேலை பார்க்கும் இடத்தில், ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவே, பாதி வண்டி பிரித்துப் போட்டுக் கிடக்கும் இடத்தில் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் "சோழவரம் ரேஸா?" என்பார்கள். அதை நம்பி வண்டியை செங்குன்றம் பக்கம் திருப்பிவிடாதீர்கள். சோழவரம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், 1950களிலிருந்து 1980களின் கடைசி வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. அந்தக் கிளப் 1953இல் ஆரம்பித்தது. பிறகு அவர்களே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக டிராக் கட்டினார்கள், அது 1990இல் திறந்தது. முழு நீளம் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். ரொம்ப நாள் மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக் என்று பெயர், இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ரெண்டும் ஒரே இடம்தான்.

பைக் ரேஸ் என்றால் கார் ரேஸுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த ஊறுகாய் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் உலகத்துக்கே பெயர் போன அமெரிக்க கார் டிராக்கான இண்டியானாபொலிஸில் 1909 ஆகஸ்டில் முதலில் ஓடிய மோட்டார் வாகனப் பந்தயமே பைக் பந்தயம்தான். கார்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

சரி, அடுத்தது நாள் கணக்கு. ஞாயிறு மட்டும் போதும் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு. தேசிய பைக் சாம்பியன்ஷிப் சுற்று என்றால் பொதுவாக வெள்ளிக்கிழமை பயிற்சி, சனிக்கிழமை தகுதிச் சுற்றும் சில ரேஸ்களும், ஞாயிறு மீதி ரேஸ்கள். வெள்ளிக்கிழமை கூட்டமே இருக்காது. அன்றைக்குத்தான் வண்டி உள்ளே வரும், மெக்கானிக் ஏதாவது மாற்றுவார், மறுபடி வெளியே போகும். பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் கூட்டினால் இழுவை கூடும், உச்ச வேகம் குறையும். நீளமான நேர்ப்பாதைக்கு எது வேண்டும், திருப்பத்திலிருந்து வெளியேற எது வேண்டும் என்று அங்கே ஒரு பெரிய வாக்குவாதமே நடக்கும். பக்கத்தில் சும்மா நின்று காது கொடுத்தால் போதும், ஒரு டிப்ளமோ செமஸ்டரில் கிடைக்காதது கிடைக்கும். லீவு எடுக்க முடியவில்லையா, சனிக்கிழமை காலையாவது போய்விடுங்கள். பாஸ், டிக்கெட் விதியெல்லாம் ரேஸுக்கு ரேஸ் மாறும், பேடாக்குக்குள் விடுவார்களா என்பதை முன்னாடியே விசாரித்துக்கொள்வது நல்லது.

பேடாக்குக்குள் விட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இங்கேதான் நம்ம ஆட்கள் மானத்தை வாங்குவார்கள். டயரைச் சுற்றிக் கம்பளி மாதிரி ஒன்றைப் போர்த்தி, அதிலிருந்து ஒயர் போகும். அது டயர் வார்மர். ரேஸ் டயர் சூடாக இருந்தால்தான் ரோட்டைப் பிடிக்கும் என்பதால் அதை எண்பது டிகிரி அளவுக்குச் சூடேற்றி வைத்திருப்பார்கள், ரேஸ் தொடங்க வரிசையாக நிற்கும் கிரிட்டுக்குப் போகும் கடைசி நேரத்தில்தான் கழற்றுவார்கள். சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது, அந்த ஒயரை மிதிப்பது, பேடாக் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் சாய்ந்து போஸ் கொடுப்பது, எல்லாமே விரட்டியடிக்க வைக்கும் வேலை. பெட்ரோல் கேன் இருக்கும் இடத்தில் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது என்பதை எழுத வேண்டியிருப்பதே கொடுமை. செருப்பும் அரைக்கால் சட்டையுமாகப் போனால் வண்டிகள் டிராக்குக்குள் போய் வரும் பிட் லேன் பக்கம் விடமாட்டார்கள். ஷூ போடுங்கள். லேப்டாப் திரையையும், சுவரில் ஒட்டிய செட்டப் தாளையும் போட்டோ எடுக்காதீர்கள், அது அவர்களுடைய தொழில் ரகசியம்.

ரைடரிடம் எப்போது பேசலாம்? அவர் கையுறை போட ஆரம்பித்துவிட்டால் "ஒரு செல்ஃபி அண்ணா" என்று போகவே கூடாது. அந்த நேரத்தில் அவர் கண் நம்மைப் பார்த்தாலும் மனசு முதல் திருப்பத்தில் இருக்கும். ரேஸ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள், அதே ஆள் பிளாஸ்டிக் சேரில் கால் நீட்டி உட்கார்ந்து தானாகவே கதை சொல்வார். ஆனால் என்னைக் கேட்டால் மெக்கானிக்கிடம் பேசுவதுதான் லாபம். அவரிடம் யாரும் பேசுவதில்லை, அதனால் நீங்கள் ஒரு உருப்படியான கேள்வி கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். ஓசூர் ஆட்கள் அங்கே நிறைய. ஓசூரில் வண்டி தயாரிக்கும் டிவிஎஸ் 1982இலிருந்து ரேஸ் அணி வைத்திருக்கிறது. "கிருஷ்ணகிரியிலிருந்து வர்றோம் அண்ணா" என்று ஆரம்பித்தால், எந்த ஊர், பர்கூரா, ராயக்கோட்டையா என்று பேச்சு வளரும்.

ஸ்க்ரூட்டினி, அதாவது ரேஸுக்கு முன் அதிகாரிகள் வண்டியைப் பரிசோதிப்பது, நடக்கும் இடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, வரிசையில் வண்டி நிற்கிறது, என்ன பெரிசாக இருக்கிறது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் ஊசி நுழையும் அளவு ஓட்டை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து, அதை முறுக்கி அடுத்த இடத்தில் கட்டியிருப்பார்கள். போல்ட் கழலும் திசைக்கு எதிராகக் கம்பி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், முனை வெளியே நீட்டாமல் உள்பக்கம் மடங்கியிருக்க வேண்டும். ஒரு அதிகாரி குனிந்து விரலால் தடவிப் பார்ப்பார். திருப்தி இல்லை என்றால் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். ஒரு போல்ட் கழன்று ஆயில் டிராக்கில் கொட்டினால் பின்னால் வரும் அத்தனை பேரும் வழுக்கி விழுவார்கள் என்பதால்தான் இவ்வளவு கெடுபிடி. அதே காரணத்துக்காகத்தான் ரேஸ் வண்டி ரேடியேட்டரில் நம்ம வண்டிக்கு ஊற்றுகிற கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கூலன்ட் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காயாது. இதையெல்லாம் பார்க்காமல் ஸ்டிக்கர் மட்டும் போட்டோ எடுத்து வந்து தன் வண்டியில் ஒட்டிக்கொண்டால் அது ரேஸ் வண்டி ஆகிவிடாது, சாமி.

"165 சிசி தானே, என் வண்டியே அதைவிடப் பெருசு" என்று கிண்டல் பண்ணிவிட்டு அந்த ரேஸ் நடக்கும்போது டீ குடிக்கப் போகிறார்கள் பாருங்கள், அவர்களுக்காக நான் நிஜமாகவே வருத்தப்படுகிறேன். அன்றைய நாளின் சிறந்த ரேஸ் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சக்தி குறைந்த வண்டிக்குக் காற்றுதான் முதல் எதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டி வருபவருக்குத் தடை குறைந்து, அதே இன்ஜினில் கூடுதல் வேகம் கிடைக்கிறது. அதனால் யாரும் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓட முடியாது, ஐந்தாறு பேர் ஒரே கொத்தாகத்தான் சுற்றுவார்கள். நேர்ப்பாதையில் ஹெல்மெட்டை டேங்கோடு ஒட்டி, முழங்கையை மடக்கி, சிலர் இடது கையை ஹேண்டில்பாரிலிருந்தே எடுத்து ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், அந்தக் கைகூடக் காற்றில் மாட்டக் கூடாது என்று. கடைசிச் சுற்றில் முதலில் வருவது பல சமயம் பாதகம்தான். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அடுத்தவரை முன்னால் தள்ளி, கோட்டுக்குச் சற்று முன்பு பக்கவாட்டில் வெளியே வந்து தாண்டுவார்கள். யார் திரும்பிப் பார்க்கிறார், யார் த்ராட்டிலை லேசாக விடுகிறார் என்று கவனித்தால் ரெண்டு சுற்றுக்கு முன்பே யார் என்ன திட்டம் போடுகிறார் என்று பிடிபடும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ரெண்டு நிமிடம், பல ரேஸ்கள் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். டீ எங்கேயும் ஓடிவிடாது.

உட்காரும் இடமும் அப்படித்தான். ஸ்டார்ட் கோட்டுக்கு எதிரிலேயே நாள் முழுக்க உட்கார்ந்தால் சத்தம் மட்டும்தான் மிச்சம். அனுமதி உள்ள இடங்களில் நகர்ந்து ஒரு திருப்பத்தையாவது பாருங்கள். இங்கே திருப்பங்களை சி1, சி2 என்று எண்ணால்தான் சொல்வார்கள். நேர்ப்பாதை முடிந்ததும் வருவது சி1. ஒரே ரைடர் சுற்றுக்குச் சுற்று பிரேக்கை எங்கே பிடிக்கிறார் என்று ஒரு மரத்தையோ பலகையையோ அடையாளம் வைத்துப் பார்த்தால், டிவி கேமரா காட்டாதது தெரியும்.

கொடி தெரியாமல் போவதும் வீண். மஞ்சள் ஆடினால் அங்கே ஆபத்து, யாரும் யாரையும் தாண்டக் கூடாது. அந்த இடத்தில் பின்னால் வருபவர் தாண்டவில்லையே என்று கத்துவது அறியாமை. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் ரோடு வழுக்குகிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டமும் ஒரு எண்ணும் காட்டினால் அந்த எண் வண்டியில் கோளாறு, உடனே டிராக்கை விட்டு வெளியேற வேண்டும். சிவப்பு வந்தால் ரேஸ் நிறுத்தம். உடனே "முடிஞ்சுது, கிளம்பலாம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள், பல நேரம் சுற்றுகளைக் குறைத்து மறுபடி ஓட்டுவார்கள்.

சிவப்புக் கொடி வந்தால் இன்னொன்றும் செய்யக் கூடாது: விழுந்தவரை வீடியோ எடுக்க வேலிக்கு ஓடுவது. 2023 ஆகஸ்டில் இதே டிராக்கில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் ரேஸில் விழுந்து உயிரிழந்தான், அந்த வார இறுதியின் மீதி ரேஸ்கள் எல்லாம் ரத்தாயின. கீழே கிடப்பவரின் அப்பா அம்மா பத்தடி தள்ளி பேடாக்கில் நிற்கலாம். போனைப் பையில் வையுங்கள்.

அப்புறம் ஜெயித்தவர் யார் என்று உடனே ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். முதலில் வெளியாவது தற்காலிக முடிவுதான். வண்டிகளைத் தனியாக நிறுத்திப் பரிசோதிப்பார்கள், யாராவது ஆட்சேபித்தால் இன்ஜினையே பிரித்து அளப்பார்கள். மேடையில் ஷாம்பெயின் பீய்ச்சியவர் சாயங்காலம் பட்டியலில் இல்லாமல் போவதும் நடக்கும்.

போக்குவரத்து சுருக்கமாக. நம்ம ஊரிலிருந்து ஒரே ரோடுதான், வாணியம்பாடி, வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வாலாஜாவுக்கு அப்புறம் ரோடு வேலை, டைவர்ஷன் எல்லாம் இருக்கலாம், நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியில் ரயிலே கிடையாது, ஜோலார்பேட்டை போய் ரயில் ஏறினாலும் அது அரக்கோணம், திருவள்ளூர் வழியாகத்தான் போகும். சென்னை பஸ்ஸில் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்குவது எளிது. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் பைக்கில் கிளம்புவது தப்பிலும் தப்பு.

திரும்பி வரும்போதுதான் உண்மையான ஆபத்து. நாள் முழுக்க முழங்கால் உரசும் ஓட்டத்தைப் பார்த்த கண், ஊருக்கு வந்ததும் தொப்பூர் கணவாயையே டிராக்காக நினைத்துக்கொள்ளும். டிராக்கில் எதிரே லாரி வராது, ரோட்டில் மண்ணும் டீசலும் கிடக்காது, விழுந்தால் சறுக்கிப் போக இடம் உண்டு, ஓடி வர மார்ஷலும் (கொடி காட்டி டிராக்கைக் கவனிப்பவர்) ஆம்புலன்ஸும் உண்டு, உடம்பில் லெதர் சூட்டும் முதுகுக் கவசமும் உண்டு. தொப்பூரில் இதில் எது இருக்கிறது என்று சொல்லுங்கள். ஓட்டியே ஆக வேண்டும் என்றால் காசு சேர்த்து டிராக்கிலேயே நடக்கும் பயிற்சிப் பள்ளிக்குப் போங்கள், லைசென்ஸுக்கு வழியும் அதுதான். தேசிய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ் இல்லாமல் ரேஸில் இறங்க முடியாது.

அவ்வளவு காசு இல்லாதவர்களுக்கு இருப்பதிலேயே நல்ல வழி மார்ஷலாகச் சேர்வது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், கிளப் அறிவிப்பு வரும்போது பெயர் கொடுத்துப் பயிற்சி எடுக்க வேண்டும். கேலரியில் இருப்பவருக்குக் கிடைக்காத நெருக்கத்தில், கொடியோடு திருப்பத்தின் ஓரத்தில் நிற்பீர்கள். இதிலும் ஒரு தப்பு உண்டு: ஓசியில் ரேஸ் பார்க்கலாம் என்று நினைத்துப் போவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் நின்றபடி, உங்கள் பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், யார் முதலில் வருகிறார் என்றுகூடச் சில சமயம் தெரியாது. முழுக்கைச் சட்டை, தொப்பி, நல்ல ஷூ, ரெண்டு லிட்டர் தண்ணீர், காதுக்கு அடைப்பான் இவ்வளவும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள், உங்களுக்கு ஒதுக்கிய போஸ்ட்டில் நின்ற பிறகு எதையும் வாங்கப் போக முடியாது.