கார்பன் நானோகுழாயின் நிறமாலையை நம்பும்படி எடுப்பது எப்படி

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் கையில் முதல் நாளே இரண்டு குப்பிகளைக் கொடுப்பேன். இரண்டிலும் ஒரே பொடி, ஒரே நீர், ஒரே சோப்பு. ஒன்று மை போலக் கன்னங்கரேலென்று இருக்கும். மற்றொன்றை விளக்குக்கு நேரே பிடித்தால் மெல்லிய ஊதா தெரியும். கரிக்குள் நிறம் எப்படி வந்தது என்று அவர் கேட்டதும் வேலையை ஆரம்பித்துவிடலாம்.

ஒற்றைச் சுவர் நானோகுழாயை, கார்பன் அணுக்களாலான, ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீன் தாளைச் சுருட்டியது போல நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமாகச் சுருட்டியது என்பதை என், எம் என்ற இரண்டு முழு எண்கள் சொல்லிவிடும். (6,5) குழாயின் விட்டம் சுமார் 0.75 நானோமீட்டர். அது 570 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். மஞ்சள் போய்விடுவதால் மிச்சம் ஊதாவாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதியை, கண்ணுக்குத் தெரியாத 980 பக்கத்தில் அகச்சிவப்பாக வெளிவிடும். ஓர் எண்ணை மட்டும் மாற்றி (7,5) ஆக்கினால் உறிஞ்சுவது 645-க்கும், ஒளிர்வது 1025-க்கும் தள்ளிப்போகும். இரண்டு எண்களின் வித்தியாசம் 3-ஆல் வகுபட்டால் குழாய் உலோகத்தைப் போல நடந்துகொள்ளும், ஒளிராது. கலவையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்த வகை.

இந்த மூன்றில் ஒன்றுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். குழாய்கள் கயிறு போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கட்டுக்குள் ஒரே ஓர் உலோகக் குழாய் இருந்தாலும் பக்கத்தில் உள்ளவை உறிஞ்சிய ஆற்றலை அது வாங்கி வெப்பமாக்கிவிடும். ஒற்றைச் சுவர் குழாய்கள் 1993-லேயே தெரியவந்தன. ஆனால் அவை ஒளிர்வதைக் காண 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலி, வைஸ்மன் குழுவினர் கட்டைப் பிரித்து, தனிக் குழாய்களைச் சோப்புக்குள் பொதிந்து நிறுத்திய பிறகே அது முடிந்தது. ஆகவே, நிறமாலையில் பாதி வேலை கருவிக்கு வெளியே, குப்பியில்தான் நடக்கிறது.

பொடியைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம். உலர்ந்த பொடி மூச்சுக்குள் போகவே கூடாது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் வைத்து, கையுறையும் தகுந்த முகக்கவசமும் போட்டு எடையிடுங்கள். எடையிட்ட உடனே நீரில் நனைத்துவிடுங்கள். இதில் அவசரப்படுகிறவரை நான் ஆய்வகத்தில் வேலை செய்ய விடுவதில்லை.

பழகுவதற்கு (6,5) அதிகமுள்ள, கோமோகேட் என்ற முறையில் தயாரித்த பொடி நல்லது. ஹிப்கோ என்ற இன்னொரு முறையில் வரும் பொடியில் ஏகப்பட்ட விட்டங்கள் கலந்திருக்கும், முதல் தடவையே குழம்பிப்போவீர்கள். 10 மில்லிலிட்டர் கன நீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் உள்ள நீர்) 100 மில்லிகிராம் சோடியம் டீஆக்சிகோலேட் என்ற சோப்பைக் கரைத்து, 5 மில்லிகிராம் பொடி சேருங்கள். எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசில் சல்ஃபேட்) சோப்பும் வேலை செய்யும். ஆனால் கரைசல் கொஞ்சம் அமிலமானாலும் அந்த அமிலம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து குழாயிலிருந்து எலெக்ட்ரானை இழுத்து, ஒளிர்வை அடக்கிவிடும். ஒரு சொட்டுக் காரம் விட்டால் ஒளிர்வு திரும்ப வரும் என்பது பார்க்க அழகான சோதனைதான், ஆனால் அளக்கும் நாளில் தலைவலி. டீஆக்சிகோலேட் குழாயை இறுக்கமாகப் போர்த்துகிறது. அதையும் அமிலமாக விடாதீர்கள், கூழாகிவிடும்.

ஏன் கன நீர்? சாதாரண நீருக்கு 970 பக்கம் ஒரு சின்ன உறிஞ்சல் உண்டு, (6,5)-இன் 980-க்கு ஒட்டினாற்போல. 1450 பக்கம் போனால் ஒளியை மொத்தமாக விழுங்கிவிடும். கன நீரில் இந்தப் பட்டைகள் இன்னும் நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளிப்போவதால் நமக்கு வேண்டிய ஜன்னல் திறந்திருக்கும்.

அடுத்தது சோனிகேட்டர், அதாவது மீயொலியால் கட்டைப் பிரிக்கும் கருவி. குப்பி பனிக்கட்டியில் இருக்க வேண்டும். கருவியின் முனை, அடியிலும் சுவரிலும் படாமல் நடுவில் நிற்க வேண்டும். குறைந்த சக்தியில் ஒரு மணி நேரம். நுரை எழுந்தால் முனை மேலே ஏறிவிட்டது என்று பொருள், நிறுத்திச் சரிசெய்யுங்கள். இன்னும் கொஞ்சம் ஓட்டினால் இன்னும் நன்றாகப் பிரியும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஓட்ட ஓட்டக் குழாய்கள் வெட்டுப்பட்டுக் குட்டையாகும். ஒளி எழுப்பிய கிளர்ச்சி குழாய் நெடுக ஓடி, முனையைத் தொட்டால் அணைந்துவிடும். குட்டைக் குழாயில் முனை பக்கத்திலேயே இருக்கிறது. நன்றாகப் பிரிந்தும் மங்கலாக ஒளிர்கிற மாதிரிக் கரைசல் கிடைத்தால், முதலில் சோனிகேட்டர் நேரத்தைச் சந்தேகப்படுங்கள்.

சோனிகேட்டரிலிருந்து வருவதுதான் அந்தக் கருப்புக் குப்பி. அதை அதிவேக மையவிலக்கியில் போடுங்கள். 2002 வேலையில் புவியீர்ப்பைப் போல 122,000 மடங்கில் 4 மணி நேரம் சுற்றினார்கள். சோப்பு போர்த்திய தனிக் குழாயின் அடர்த்தி ஏறக்குறைய நீரளவுதான், அதனால் மிதந்து நிற்கும். கட்டு அதைவிட அடர்த்தி, கீழே இறங்கும். முடிந்ததும் மேலிருந்து முக்கால் பாகத்தைப் பைப்பெட்டால் மெதுவாக உறிஞ்சுங்கள். அடிப்பகுதியைக் கலக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான்.

உறிஞ்சல் நிறமாலை எடுப்பது நேரடியான வேலை. அதே சோப்புக் கரைசலை அதே குவெட்டில் (அளவிடும் சிறு கலம்) ஊற்றிப் பேஸ்லைன் (ஒப்பிடும் அடிக்கோடு) எடுங்கள், பிறகு மாதிரி. 570-லும் 980-லும் கூர்மையான மேடுகள் நின்றால் சரி. மேடு அகன்று, சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளத்தை நோக்கி) சாய்ந்திருந்தால் கட்டு பிரியவில்லை. மேட்டின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதன் கீழே கிராஃபைட் துணுக்குகளும் கட்டுகளும் சேர்ந்த ஒரு சரிவான பின்னணி எப்போதும் இருக்கும். மேட்டுக்கும் பக்கத்துப் பள்ளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்.

ஒளிர்வு வரைபடத்துக்குச் சிலிக்கான் டிடெக்டர் போதாது, 1100 தாண்டினால் அதற்குக் கண் தெரியாது. இண்டியம் காலியம் ஆர்செனைடு டிடெக்டர் வேண்டும். மாதிரியை நன்றாக நீர்த்துக்கொள்ளுங்கள்; உறிஞ்சல் 0.1 அளவில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு குழாய் விட்ட ஒளியை இன்னொன்று விழுங்கும். தூண்டும் அலைநீளத்தை 500 முதல் 800 வரை 5 நானோமீட்டர் படியில் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒளிர்வைப் பதிவு செய்தால் தீவுகள் போலப் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு தீவும் ஒரு வகைக் குழாய்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. என் முதல் வரைபடத்தில் 1120-இல் பளிச்சென்று ஒரு மேடு. (7,6) குழாய் அங்கேதான் ஒளிரும், அப்படியே பெயர் எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தூண்டிய எண்ணைப் பார்த்தேன்: 560. (7,6) என்றால் 648-இல் அல்லவா தூண்ட வேண்டும்? 570-இல் தூண்டிப் பார்த்தேன். மேடு 1140-க்கு நகர்ந்தது. அதாவது எப்போதும் சரியாக இரண்டு மடங்கு. மாதிரியில் பட்டுச் சிதறிய விளக்கொளியே கருவியில் ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங்கில் இரண்டாம் வரிசையாக, இரு மடங்கு அலைநீளம் போல, வந்து நின்றிருக்கிறது. டிடெக்டருக்கு முன்னால் 850-க்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை வைத்தேன், கோடு முழுக்க மறைந்தது. குழாயின் ஒளிர்வு, தூண்டலை மாற்றினாலும் இடம் மாறாது, கூடிக் குறையும் அவ்வளவுதான். நகர்ந்தால் அது குழாய் இல்லை.

தீவுகளை அடையாளம் கண்டதும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1240-ஐ நானோமீட்டரிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் வரும். (6,5)-க்கு 980 என்பது 1.27, 570 என்பது 2.18. விகிதம் 1.72. எலெக்ட்ரான்களைத் தனித்தனியாகப் பார்க்கும் எளிய பட்டைக் கோட்பாடு இது 2-க்கு அருகில் இருக்க வேண்டும் என்கிறது. இந்த இடைவெளி அளவைப் பிழையில்லை. குழாய்க்குள் இடம் அவ்வளவு குறுகல் என்பதால் எலெக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்து எக்ஸைட்டான் என்ற இணையாகத் திரிகின்றன. 2005-இல் ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை உறிஞ்சவைக்கும் இரட்டை ஃபோட்டான் சோதனையில் அந்தப் பிடிப்பை அளந்தபோது சுமார் 0.4 எலெக்ட்ரான் வோல்ட் வந்தது. அறை வெப்பத்தின் ஆற்றல் 0.025 தான் என்பதை வைத்துப் பார்த்தால் எத்தனை இறுக்கம் என்று புரியும். உங்கள் கையால் எடுத்த இரண்டு எண்களிலேயே அது தெரிகிறது. இந்த வேலையில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்த இடம்தான்.

தீவின் பிரகாசத்தை வைத்து எந்தக் குழாய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். வகைக்கு வகை ஒளிரும் திறன் வேறு. உறிஞ்சல் நிறமாலையோடு சேர்த்துத்தான் அதைப் பேச வேண்டும்.

குப்பியில் தேதி, சோப்பு, சோனிகேட்டர் நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மாதிரியை மறுபடி அளந்து, இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 980 மேடு சிவப்புப் பக்கம் நகர்ந்து அகன்றிருந்தால் குழாய்கள் மறுபடி சேர ஆரம்பித்துவிட்டன; சோனிகேட்டரில் 10 நிமிடம், அப்புறம் மையவிலக்கி, அதன் பிறகே அடுத்த அளவீடு.