அமெரிக்காவிலிருந்து வந்த போனில் நம் ஊர் சிம்மைப் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள், தாங்கள் பயன்படுத்திய போனை அம்மாவுக்கோ தம்பிக்கோ கொடுத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அன்லாக் செய்த போன் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் இங்குள்ள சிம்மைப் போட்டதும் இணையம் வந்தால் அழைப்பு வருவதில்லை, அழைப்பு வந்தால் வீட்டுக்குள் சிக்னல் நிற்பதில்லை. பூட்டு நீங்குவது வேறு, இங்குள்ள டவரோடு பேச அந்தப் போனுக்குத் தெரிந்திருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியே சரிபார்த்துவிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முதலில் பூட்டு. அமெரிக்காவில் பல போன்கள் தவணையில் விற்கப்படுவதால், கடன் முடியும் வரை விற்ற நிறுவனத்தின் சிம் மட்டுமே அவற்றில் இயங்கும். இதை நீக்கும் அதிகாரம் அந்த நிறுவனத்திடமே இருப்பதால், உறவினர் விமானம் ஏறுவதற்கு முன்பே தம் கணக்கின் வழியாக விண்ணப்பித்து அன்லாக் செய்துகொண்டு வருவதே சிறந்தது. ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று சென்று கேரியர் லாக் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'நோ சிம் ரிஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. ஆண்ட்ராய்டு போனில் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அப்போது நெட்வொர்க் அன்லாக் எண்ணைக் கேட்டால், தோன்றிய எண்களை அடித்துப் பார்க்காதீர்கள். சில முயற்சிகளுக்குப் பிறகு அந்தப் பூட்டு நிரந்தரமாக இறுகிவிடக்கூடும்.

அடுத்தது அலைவரிசை. விற்பனைப் பெயர் ஒன்றாக இருந்தாலும், நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும். அதோடு உள்ளிருக்கும் பேண்டுகளும், அதாவது எண்ணிட்டுப் பிரித்த அலைவரிசைத் தொகுதிகளும், மாறும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, அபௌட் பகுதியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய 4ஜி பேண்டுகளைப் பாருங்கள். ஜியோவின் 4ஜி சேவை பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40 ஆகியவை முக்கியம். இவற்றில் 850 மெகாஹெர்ட்ஸைச் சேர்ந்த பேண்ட் 5, 900 மெகாஹெர்ட்ஸைச் சேர்ந்த பேண்ட் 8 போன்ற தாழ்ந்த அலைவரிசைகளே சுவரைத் தாண்டி அறைக்குள் நன்றாக நுழைபவை. அவை இல்லாத போனில் வாசலில் நிற்கும் சிக்னல் சமையலறையில் மறைவது அதனால்தான்.

பி.எஸ்.என்.எல். பயனர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்திய பிறகு அங்கே மாறியவர்கள் பலர். அதன் 4ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸில் பேண்ட் 28-ஐப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவிலும் 700 மெகாஹெர்ட்ஸ் உண்டு என்றாலும், அங்கே அது பேண்ட் 12, 13, 17 என்று வேறு விதமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எனவே '700 இருக்கிறது' என்று யாராவது உறுதி சொன்னால் போதாது. பட்டியலில் 28 என்ற எண் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

மூன்றாவதுதான் பலரையும் அலைக்கழிப்பது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவை கிடையாது. அதன் அழைப்புகள் எல்லாம் 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி முறையில் செல்கின்றன. போனில் வோல்ட்டி இயங்காவிட்டால் இணையம் தாராளமாக வரும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. எங்கள் சித்தியின் போனில் இதுதான் நடந்தது. மேலே 4ஜி என்று காட்டியது, வாட்ஸ்அப்பில் படங்கள் இறங்கின, எண்ணை அழுத்தினால் மூன்று விநாடியில் அழைப்பு துண்டித்துக்கொண்டது. அன்லாக் சரியாக ஆகவில்லை என்று சொல்லி ஒரு கடையில் பணம் வாங்கிக்கொண்டார்கள்; கடைசியில் பார்த்தால், மொபைல் நெட்வொர்க் பகுதியில் வோல்ட்டி பொத்தான் அணைந்து கிடந்தது. அதை இயக்கிவிட்டு போனை ஒரு முறை அணைத்துப் போட்டதும் முதல் அழைப்பே சென்றது. எளிய மனிதர்களிடம் தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது இன்றும் மனம் வருந்துகிறது.

ஏர்டெல்லில் இந்தக் குறை வேறு விதமாகத் தெரியும். மணி அடிக்கும்போது திரையின் மேற்பகுதியைக் கவனியுங்கள். 4ஜி என்ற குறி மறைந்து 2ஜி அல்லது ஆங்கில 'ஈ' எழுத்து தோன்றினால், அழைப்பு பழைய முறையில் போகிறது என்று பொருள். பேச முடியும், ஆனால் பேசி முடிக்கும் வரை இணையம் நின்றுவிடும் அல்லது மிகவும் மந்தமாகிவிடும். அமெரிக்க நிறுவனங்களுக்காகத் தயாரான சில ஆண்ட்ராய்டு போன்களில் நம் நாட்டு நிறுவனங்களுக்குரிய வோல்ட்டி அமைப்பு மென்பொருளிலேயே இருக்காது. பொத்தானே தென்படாத அத்தகைய போனை ஜியோவுக்குப் பயன்படுத்த நினைக்காமல், 2ஜி சேவை இருக்கும் நிறுவனத்தின் சிம்மோடு வைத்துக்கொள்வதே நல்லது.

அழைப்பு போய் இணையம் வராவிட்டால், போனை இணையத்தோடு இணைக்கும் அமைப்பான ஏ.பி.என்., பழைய நிறுவனத்துடையதாகவே தங்கியிருக்கலாம். புதிய ஏ.பி.என். ஒன்றை உருவாக்கி, ஜியோவுக்கு 'ஜியோநெட்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி உள்ளிட்டால் போதும்.

2022-இல் வெளிவந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் ஈசிம் மட்டுமே. ஜியோ, ஏர்டெல், வி.ஐ. (வோடபோன் ஐடியா) மூன்றுமே ஈசிம் தருகின்றன. *#06# என்று அழுத்தினால் தோன்றும், போனின் அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் ஈசிம்மின் அடையாளமான 32 இலக்க ஈ.ஐ.டி. எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் கிளைக்குச் செல்லுங்கள். சிம்மை மாற்றியபின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும் என்பதால், ஓ.டி.பி. தேவைப்படும் பணப் பரிமாற்றம் இருக்கும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

போனுக்கு ஏற்ற நிறுவனம் வேறு என்று தெரிந்தால், எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். 'போர்ட்' என்பதை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் 10 இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால், புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள்களுக்குச் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள்கள் முடிந்திருக்க வேண்டும், சிம்மை அண்மையில் மாற்றியிருந்தால் ஏழு நாள்கள் கடந்திருக்க வேண்டும். ப்ரீபெய்டில் மீதமிருக்கும் தொகை புதிய நிறுவனத்துக்கு வராது. ஆகவே ரீசார்ஜ் முடியும் தறுவாயில் விண்ணப்பியுங்கள். பழைய சிம்மில் சிக்னல் முற்றிலும் மறையும் வரை அதை வெளியே எடுக்காதீர்கள்; மறைந்த பிறகு புதிய சிம்மைப் போட்டு, முதலில் வீட்டின் உள்ளறையில் நின்று ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள்.