ஈரோட்டில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் லைசென்ஸ்: எங்கே தொடங்குவது, காசு எங்கே போகும்

சீலிங் ஃபேன் மாற்ற லைசென்ஸ் வேண்டாம். எரிந்துபோன ஸ்விட்ச், ஃப்யூஸ், பல்பு மாற்றவும் வேண்டாம். 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாமான்களை, லோடு கூடாதபடி மாற்றுவதைச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது. புதிதாக ஒரு பாயிண்ட் இழுத்தால் கதை வேறு. அரசு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் அந்த வேலையை எடுக்கவேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வை பார்க்கவேண்டும், வயர் பிடிப்பவர் கையிலும் பெர்மிட் இருக்கவேண்டும். 1956ஆம் வருட மின்சார விதிகளில் இருந்தது இதுதான். மத்திய மின்சார ஆணையம் 2010லும் 2023லும் கொண்டுவந்த விதிமுறைகளிலும் இதுவே தொடர்கிறது.

நான் முதல் ஏழு வருடம் அப்படிச் செய்யவில்லை. வேலை என்னுடையது, சீல் இன்னொருவருடையது. வயரிங்கை அளந்து பார்த்துச் சரியாக இருக்கிறது என்று கொடுக்கும் ஒவ்வொரு டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் அவருக்கு ஒரு தொகை போகும். அவர் ஒருநாளும் சைட்டுக்கு வந்து பார்த்ததில்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் இன்றும் அதே வழியைத்தான் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லைசென்ஸ் தருவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். சென்னை கிண்டி, திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் அவர்கள் முதலில் பார்ப்பது ஆட்களை. சூப்பர்வைசருக்கு 'சி' சான்று, வயர்மேனுக்கு 'பி' சான்று, ஹெல்பருக்கு 'எச்' சான்று. டிப்ளமோவில் எலக்ட்ரிக்கல் படித்து அனுபவம் உள்ளவர்கள் 'சி' சான்றுக்குப் போகலாம். என் அக்கா மகள் டிரிபிள்-ஈ டிப்ளமோ முடித்தவள். அவளுடைய 'சி' சான்றுதான் என் லைசென்ஸில் இருக்கிறது. முழுநேரமாக என்னிடமே வேலை பார்க்கிறாள். ஒருவருடைய சான்றை ஒரே நேரத்தில் இரண்டு கான்ட்ராக்டர்கள் காட்ட முடியாது, இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய படிப்பு இல்லாமல் கையாலேயே வேலை கற்றவர்களுக்கும் வழி உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் (வயர்மேன் ஹெல்பர்) தகுதிகாண் தேர்வு என்று ஒன்றை அரசு நடத்துகிறது. வயரிங்கில் குறைந்தது 5 வருட அனுபவமும், 21 வயது நிறைவும் கேட்பார்கள். மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு பேப்பரில் சின்னதாகத்தான் வரும். பக்கத்து அரசு ஐடிஐ நோட்டீஸ் போர்டை அவ்வப்போது பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கும் ஐம்பது வயது ஆள் ஒருவர் அப்படித்தான் எழுதித் தேறினார்.

சரி, செலவு. அரசுக்குக் கட்டும் கட்டணம் பெரிய பாரம் இல்லை. காசு போவது வேறு இடங்களில். முதலில் கருவிகள். இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர், எர்த் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர் எல்லாம் உங்கள் பெயரில் பில்லோடு இருக்கவேண்டும். நான் வாங்கியபோது எல்லாம் சேர்ந்து இருபதாயிரத்தைத் தாண்டியது. அடுத்தது சால்வென்சி சான்று, அதாவது நமக்குப் பண வசதி உண்டு என்று பேங்க் தரும் சான்று. சொத்துப் பத்திரம் கேட்பார்கள், நாலு நடை ஆகும். மூன்றாவதுதான் உண்மையில் கையைக் கடிக்கும்: வேலை இல்லாத மாதத்திலும் சான்று உள்ள ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். லைசென்ஸுக்குப் போடுமுன் மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிக்கு நேரில் போகவேண்டி வந்தால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியலில் சென்ட்ரல். எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் கிண்டி. ஒரிஜினல்களோடு இரண்டு செட் ஜெராக்ஸும் இருக்கட்டும்.

லைசென்ஸ் வந்தபின் பெருந்துறை சிப்காட் பக்கம் கம்பெனி வேலை கிடைக்கும். அங்கே பில்லில் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிப்பார்கள். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருடக் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடித்தம் உண்டு. தனி ஆளாக இருந்தால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப் என்றால் 2 சதவீதம், பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். முதல் கம்பெனி பில்லில் நான் பான் கொடுக்கத் தாமதித்து, போன பணம் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பி வர ஒரு வருடம் ஆனது. ஜிஎஸ்டி, வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது. சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவுக்குப் பைசா செலவில்லை. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ரேட் பேசும்போது எர்த்திங்கையும் டெஸ்டிங்கையும் பாயிண்ட் ரேட்டுக்குள் புதைக்காமல் தனி வரியாக எழுதுங்கள். புதைத்தால், பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அவைதான். 15 மீட்டரைத் தாண்டிய கட்டிடமென்றால் மின் ஆய்வாளர் அனுமதி தனியாக வேண்டும். அந்த அலைச்சலையும் கொட்டேஷனில் சேருங்கள்.

அப்புறம், டெஸ்ட் ரிப்போர்ட்டில் போடும் கையெழுத்து. போன வருடம் சென்னிமலை ரோட்டில் ஒரு வீடு. பெயிண்ட் முடிந்து, மறுநாள் கிரகப்பிரவேசம். 500 வோல்ட் மெக்கரை ஒரு நிமிடம் கொடுத்தால் வயரின் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகோம் (பத்து லட்சம் ஓம்) காட்டவேண்டும். மாடி பெட்ரூம் சர்க்யூட்டில் முள் 0.2ஐத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், லைட்டெல்லாம் நன்றாகத்தானே எரிகிறது என்றார். அக்கா மகள் ஒவ்வொரு வயராகக் கழற்றி அளந்துகொண்டே போனாள். கடைசியில், சாமி படம் மாட்ட அடித்த ஆணி ஒன்று பைப்பைத் துளைத்து ஃபேஸ் வயரின் தோலை உரசிக்கொண்டிருந்தது. சுவர் ஈரத்தில் அந்த ஆணியைத் தொட்டிருந்தால் ஷாக் அடித்திருக்கும். வயரை உருவிப் புதிதாக இழுத்து, இரவு பதினொரு மணிக்குத் திரும்ப அளந்தோம். 50 மெகோம். இரண்டு அளவையும் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுத்தான் சீல் வைத்தோம்.