தேசிய மலர்களை வைத்து ஆங்கிலம்: நீலகிரியில் பாடம் எடுப்பவர்களுக்கு

தேசிய மலர்கள் என்று பாடம் ஆரம்பித்தால் பெரும்பாலும் அது ஒரு பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. இந்தியாவுக்குத் தாமரை, பாகிஸ்தானுக்கு மல்லிகை, சிங்கப்பூருக்கு ஆர்க்கிட் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். நாட்டின் பெயரும் பூவின் பெயரும் தெரிந்தால் ஆங்கிலம் வந்துவிடாது. ‘ஏன் இந்தப் பூ?’ என்று கேட்க வைத்தால்தான் பிள்ளைகள் வாயிலிருந்து முழு வாக்கியம் வரும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் மாலை டியூஷன் எடுப்பவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குச் சரியாக இருக்கும். இரண்டு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: ஐந்து பூ போதும்

தாமரை, ரோஜா, செங்காந்தள், காட்டுப்பூவரசு, வாட்டில். இவற்றை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ரோஜா இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுதான். தொட்டபெட்டா போகிற வழியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் காட்டுப்பூவரசு, நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸுக்கு நெருங்கிய சொந்தம். நேபாள அரசு முத்திரையில் சுற்றிலும் இருப்பது இந்தப் பூதான். ஆஸ்திரேலிய மரமான வாட்டில் பற்றிப் பிறகு சொல்கிறேன், பாடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

செங்காந்தளுக்கு மட்டும் படமே போதும். கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம், பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. காட்டிலிருந்தும் பூங்காவிலிருந்தும் எதையும் பறித்து வர வேண்டாம்.

உங்கள் வகுப்பில் தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஆறாவதாக இலங்கையின் நீலோற்பலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களில் நிறைய இருக்கிறார்கள். வீட்டில் பாட்டியிடம் அந்தப் பூவைப் பற்றிக் கேட்டுவந்து இரண்டு வாக்கியம் சொல்லச் சொன்னால், மற்ற நாளில் வாயே திறக்காத பிள்ளைகூடப் பேசும்.

படி 2: முதலில் பூ, அப்புறம் நாடு

பெஞ்சுக்கு ஒரு ரோஜா கொடுங்கள். நாட்டின் பெயரை இப்போது சொல்லாதீர்கள். பெட்டல், பட், ஸ்டெம், தார்ன் என்று தொட்டுக் காட்டிச் சொல்ல வையுங்கள். “திஸ் ரோஸ் ஹேஸ் தார்ன்ஸ்” என்ற அளவு போதும்.

அடுத்து செங்காந்தள் படம். ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்திருக்கும், ஓரம் நெளிநெளியாக, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. “வாட் டஸ் இட் லுக் லைக்?” என்று கேளுங்கள். நெருப்பு என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஃப்ளேம் லில்லி என்று பெயர் இருப்பதை அந்த நேரத்தில் சொல்லுங்கள். நம் சங்கப் புலவர்களோ இதையே பெண்களின் விரலுக்கு உவமை சொன்னார்கள். ஒரே பூவில் ஒருவருக்குத் தீ தெரிகிறது, இன்னொருவருக்கு விரல் தெரிகிறது. குறியீடு என்றால் என்ன என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

படி 3: மூன்று வாக்கியம்

கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்:

“தி லோட்டஸ் ஈஸ் தி நேஷனல் ஃப்ளவர் ஆஃப் இந்தியா.”
“இட் ஸ்டாண்ட்ஸ் ஃபார் பியூரிட்டி.”
“பீப்பிள் சே திஸ் பிகாஸ் இட் க்ரோஸ் இன் மட் பட் ஸ்டேஸ் க்ளீன்.”

ஸ்டாண்ட்ஸ், க்ரோஸ், ஸ்டேஸ் என்பவற்றின் கடைசி ‘ஸ்’ஸைப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். அங்கே மட்டும் நிறுத்தி, சேர்ந்து சொல்ல வையுங்கள்.

இந்தக் குளிரில் தாமரைக் குளத்துக்கு எங்கே போவது? ஓடையோரம் சேப்பங்கிழங்கு இலை கிடைக்கும், அதையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் எடுத்து வாருங்கள். இலையில் ஊற்றினால் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டு உருளும். கொஞ்சம் மண்ணைத் தூவிவிட்டு ஊற்றினால் அந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்விடும். தாமரை இலையும் இப்படித்தான். இதைப் பார்த்த பிள்ளைக்கு ‘பிகாஸ்’ தானாக வரும்.

படி 4: ஒரு கதை, இறந்த காலத்தில்

ரோஜா அமெரிக்காவின் தேசிய மலரானது 1986இல். ஆனால் கதை இங்கிலாந்தின் ரோஜாவில்தான். சிவப்பு ரோஜா லங்காஸ்டர் வம்சத்துக்கு, வெள்ளை ரோஜா யார்க் வம்சத்துக்கு. இரண்டு தரப்பும் அரியணைக்காகச் சண்டை போட்டன. 1486இல் ஏழாம் ஹென்றி யார்க் வம்சத்து எலிசபெத்தைத் திருமணம் செய்தார், இரண்டு நிறமும் சேர்ந்து ஒரே சின்னமானது. ஃபாட், மேரிட், ஜாய்ன்ட் என்ற மூன்று வினைச்சொல்லில் கதையை முடித்துவிடலாம்.

படி 5: சீகை மரம்

“ஆஸ்திரேலியா கிரிக்கெட் டீம் சட்டை ஏன் மஞ்சளும் பச்சையும்?” என்று கேட்டுத் தொடங்குங்கள். அந்த நாட்டின் தேசிய மலர் கோல்டன் வாட்டில். பச்சை இலைக்கு நடுவே பஞ்சு உருண்டை போல மஞ்சள் பூ. 1988 செப்டம்பர் 1 அன்று முறைப்படி அறிவித்தார்கள். வறட்சி, காற்று, காட்டுத்தீ எல்லாவற்றையும் தாங்கி மறுபடி துளிர்க்கும் என்பதால் மன உறுதிக்கு அடையாளமாகச் சொல்கிறார்கள்.

படத்தைக் காட்டியதும், “மிஸ், இது நம்ம சீகை மரம்!” என்று யாராவது ஒருவர் கத்துவது நிச்சயம். அதே மரம் இல்லை, ஆனால் அதே அக்கேசியா பேரினம். நம் சீகையை 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள், பின்னால் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஏராளமாக நட்டார்கள். இன்று நம் சோலைகளை ஒட்டிய புல்வெளிகளை அது விழுங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டினாலும் முளைக்கிறது, விதை மண்ணில் பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கிறது. அங்கே பெருமையாகப் பேசப்படும் அதே குணம் இங்கே தொல்லை.

இதைச் சொல்லிவிட்டு வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் “இன் ஆஸ்திரேலியா, இட் ஸ்டாண்ட்ஸ் ஃபார் ஸ்ட்ரெங்த் பிகாஸ்…” என்று தொடங்கட்டும். மறுபக்கம் “இன் தி நீல்கிரிஸ், இட் ஈஸ் எ ப்ராப்ளம் பிகாஸ்…” என்று பதில் சொல்லட்டும். இலக்கணம் தப்பினாலும் நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். விவாதம் சூடு பிடித்த நேரத்தில் திருத்தினால் பிள்ளைகள் தமிழுக்குத் தாவிவிடுவார்கள்.

படி 6: நம்ம ஊருக்கு ஒரு பூ

இரண்டாவது வகுப்பு நேரத்தின் முடிவில், தன் ஊருக்கு ஒரு மலரை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்து நான்கு வாக்கியம் எழுத வேண்டும். பலர் நீலக்குறிஞ்சி என்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது நல்ல காரணம்தான், ஆனால் எதற்கு அடையாளம் என்று விடாமல் கேளுங்கள். பொறுமைக்கா, மலைக்கா? தேயிலைப் பூவை யாராவது சொன்னால் எனக்குத் தனி சந்தோஷம். வெள்ளையாகச் சின்னப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம். கொழுந்து பறிக்கும் செடியை யாரும் பூக்க விடுவதில்லை என்பதால் தோட்டத்துப் பிள்ளைகளே அதைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நோட்டைத் திருத்தும்போது முதலில் பாருங்கள், ‘பிகாஸ்’ஸுக்குப் பிறகு பிள்ளை தானே யோசித்த காரணம் இருக்கிறதா என்று. இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். விட்டுப்போன ‘ஸ்’ஸை ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள், அடுத்த வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.