டிராம்போனில் ஜாஸ்: ஸ்லைடு இழுபடாமல் வாசிப்பது எப்படி

1940களில் பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணி வந்தபோது டிராம்போனுக்குப் பெரிய சோதனை காத்திருந்தது. டிரம்பெட்டில் ஒரு வால்வை அழுத்தினால் சுரம் மாறும், சாக்ஸபோனில் ஒரு விரலைத் தூக்கினால் போதும். டிராம்போன்காரர் மட்டும் ஸ்லைடு என்ற குழாயை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அந்த வேகத்துக்கு இந்தக் கருவியும் ஈடுகொடுக்கும் என்று நிரூபித்தவர் ஜே. ஜே. ஜான்சன். சுர அதிர்வை (வைப்ராட்டோ) குறைத்து, ஒவ்வொரு சுரத்தையும் வெட்டியெடுத்த மாதிரித் தெளிவாக வாசித்தார். 1954ல் இன்னொரு டிராம்போன் கலைஞரான காய் விண்டிங்கோடு சேர்ந்து இரண்டு டிராம்போன்களை முன்னிறுத்தியே ஒரு குழு நடத்தினார். இன்றைய ஜாஸ் வாசிப்பின் அடித்தளம் அதுதான்: சுரங்கள் வழுக்கி இழுபடுவது நாமாக விரும்பும்போது மட்டுமே நடக்க வேண்டும்.

பி பிளாட் மேஜர் ஸ்கேலைத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்து, ஜாஸ் குழுவிலோ பாப் பேண்டின் ஊதுகருவி அணியான ஹார்ன் செக்‌ஷனிலோ சேர நினைப்பவர்களுக்கான குறிப்புகள் இவை.

முதலில் கருவி. சிம்பொனிக்கான டிராம்போனின் குழாய் உள்விட்டம் 0.547 அங்குலம். காம்போ எனும் சிறு ஜாஸ் குழுவுக்கும் பாப் வேலைக்கும் 0.500 அல்லது 0.508 அங்குலம் பொருத்தம். குறைந்த காற்றில் ஓசை சட்டென்று புறப்படும், உரக்க ஊதும்போது பளபளப்பும் சீக்கிரம் வரும். மவுத்பீஸில் 12சி, 6½ஏஎல் ஆகிய அளவுகள் பரவலாகப் புழங்குகின்றன. மேல்சுரங்கள் எளிதாக வரும் என்று நம்பி மிகச் சிறியதை வாங்காதீர்கள். கீழ்ச்சுரங்கள் மெலிந்து, செக்‌ஷனில் உங்கள் பங்கே கேட்காமல் போகும்.

அடுத்து ஸ்லைடைச் சோதியுங்கள். பெல் பகுதியை (ஓசை வெளிவரும் புனல் முனை) கழற்றிவிட்டு, பூட்டைத் திறந்து, ஸ்லைடைத் தரையை நோக்கிச் செங்குத்தாகப் பிடியுங்கள். கீழே மற்றொரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு வெளிக்குழாயை மெல்ல விடுங்கள். தடையில்லாமல் இறங்கினால் நல்லது. ஓரிடத்தில் உரசினால் அங்கே நெளிவோ அழுக்கோ இருக்கிறது. நெளிவை வீட்டில் நிமிர்த்தப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உட்குழாய்களின் நுனியில் சற்றுத் தடித்த பகுதி இருக்கும், அதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். ஒவ்வொன்றிலும் அரிசி அளவு ஸ்லைடு கிரீம் தடவி, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். கிரீம் கூடினால் ஸ்லைடு வழுக்காது, பிசுபிசுத்து இழுக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஸ்லைடை நிறுத்தும் ஏழு இடங்களுக்குப் பொசிஷன் என்று பெயர், அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் ஒரே அளவானதல்ல. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் சுமார் 8 செ.மீ., ஆறாவதிலிருந்து ஏழாவதுக்குச் சுமார் 11 செ.மீ. குழாய் நீள நீள, ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதல் நீளம் தேவைப்படும். சம இடைவெளி என்று நினைத்து நகர்த்துபவர்களுக்குத் தூரப் பொசிஷன்களில் சுருதி ஏறி நிற்கும்.

ஒரே சுரம் பல பொசிஷன்களில் கிடைக்கும். நடு சி-யை மூன்றிலும் ஆறிலும் வாசிக்கலாம். அதற்கு மேலுள்ள டி ஒன்றிலும் நான்கிலும் வரும், கீழுள்ள பி பிளாட் ஒன்றிலும் ஐந்திலும் வரும். டி, சி, பி பிளாட் என்று இறங்கும் ஒரு வேகமான துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தக வழியில் 1, 3, 1 என்று கை வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். அதையே 4, 3, 1 என்று வாசித்தால் கை ஒரே திசையில் உள்ளே வருகிறது.

இதில் கையின் உழைப்பு மட்டும் மிச்சமாவதில்லை. ஸ்லைடு உள்ளே வரும்போது சுருதி ஏறுவதுதான் இயல்பு. இங்கேயோ ஸ்லைடு உள்ளே வர, சுருதி இறங்குகிறது. அது நடக்க வேண்டுமானால் உதடு கீழ் ஹார்மோனிக்குக்குத் தாவியே ஆக வேண்டும் (ஸ்லைடு நகராமல் உதட்டை மாற்றியே எடுக்கும் சுரப்படிகளில் ஒவ்வொன்றும் ஒரு ஹார்மோனிக்). அந்தத் தாவலே இரண்டு சுரங்களையும் பிரித்துவிடுவதால் நாக்கு தொடாமலே சுத்தமாகக் கேட்கும். ஸ்லைடும் சுருதியும் எதிர்த்திசையில் போனால் இழுவல் வராது. ஒரே திசையில், ஒரே ஹார்மோனிக்கில் போனால் இழுவல் நிச்சயம், அங்கே நாக்கு வேண்டும். நடு சி-க்குக் கீழுள்ள ஜி-யிலிருந்து ஏ-வுக்கு 4, 2 என்று போகும் இடம் இரண்டாவது வகை. புதிய மெலடி எதைக் கையில் எடுத்தாலும், பென்சிலால் பொசிஷன் எண்களை எழுதி, எந்தெந்த இடத்துக்கு நாக்கு தேவை என்று குறித்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு மணிநேரக் குருட்டுப் பயிற்சியைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் தரும்.

ஓர் எச்சரிக்கை: ஏழாவது ஹார்மோனிக் இயல்பாகவே சுருதி குறைந்தது. நடு சி-க்கு மேலுள்ள எஃப்-ஐ நான்காம் பொசிஷனில் எடுத்தால், வழக்கமான நான்கை விடச் சுமார் 3 செ.மீ. உள்ளே பிடிக்க வேண்டும். அதே ஹார்மோனிக்கில் முதல் பொசிஷனில் வரும் ஏ பிளாட்டை விட்டுவிடுங்கள். உள்ளே தள்ள அங்கே இடமே கிடையாது.

நாக்குக்கு வருவோம். மென்மையான இணைப்புக்கு ‘டூ’ போதும். வேகம் கூடியதும் ‘டூ-டுல்’ என்ற முறை உதவும். ‘ல்’ சொல்லும்போது நாக்கின் நுனி மேலே ஒட்டியிருக்க, காற்று பக்கவாட்டில் வழியும். ஓட்டம் முழுசாக நிற்காததால் ஸ்விங் நடையில் வரும் அரைத் தட்டுச் சுரங்கள் (எய்ட்த் நோட்) வழவழப்பாக வரும். இந்த முறையில் டிராம்போன் கலைஞர் கார்ல் ஃபொன்டானாவின் வாசிப்பு அபாரமானது. கருவியை வைத்துவிட்டு முதலில் வாயால் சொல்லிப் பழகுங்கள், பிறகு ஒரே சுரத்தில், மெட்ரோனோம் 72ல். இரண்டாவது அசை மங்கிப்போவதுதான் எல்லோருக்கும் வரும் குறை. நாக்கு தளர்ந்த அதே நேரத்தில் காற்றும் தளர்ந்துவிடுவதுதான் காரணம். நாக்கு என்ன செய்தாலும் காற்று ஒரே சீராகப் போகட்டும். எதிர்த்தட்டில், அதாவது இரண்டு தட்டுகளுக்கு நடுவில், விழும் சுரத்துக்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள்.

இவ்வளவும் கைவந்த பிறகு இழுவலை வேண்டுமென்றே பயன்படுத்தலாம். ஜாருவும் கமகமும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமல்ல. ஆனால் டிராம்போனில் ஓர் எல்லை உண்டு. ஒரே ஹார்மோனிக்கில் ஆறு அரைச்சுரங்கள்தான் முறியாமல் வழுக்கும். அதற்கு மேல் எழுதியிருந்தால் நடுவில் ஒரு தாவல் கேட்டுவிடும்.

பெல்லை மூடித் திறந்து ஓசையை மாற்றும் பிளஞ்சர் மியூட்டுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் ரப்பர்க் கிண்ணமே போதும், பிடியைக் கழற்றிவிடுங்கள். டியூக் எலிங்டன் குழுவில் ‘ட்ரிக்கி சாம்’ நான்டன் பெல்லுக்குள் ஒரு சிறு மியூட்டை வைத்து, அதன்மேல் பிளஞ்சரை ஆட்டித்தான் மனிதக் குரல் போன்ற அந்த ஓசையை எடுத்தார். மூடும்போதும் திறக்கும்போதும் சுருதி நகரும். முதல் பொசிஷனில் முட்டி நிற்கும் சுரங்களைத் தவிர்த்தால் இரு பக்கமும் திருத்திக்கொள்ளலாம்.

ஹார்ன் செக்‌ஷன் வேறு உலகம். டிரம்பெட், டெனர் சாக்ஸ், டிராம்போன் என்ற மூவர் அணி பாப் இசையில் நன்றாக வேரூன்றியது. 1967ல் தொடங்கிய சிகாகோ பேண்டில் அதன் டிராம்போன்காரர் ஜேம்ஸ் பாங்கோ எழுதிய ஹார்ன் பகுதிகள் அதற்கு நல்ல பாடம். சி மைனர் செவன் கார்டுக்கு டிரம்பெட்டில் பி பிளாட், சாக்ஸில் ஜி, டிராம்போனில் நடு சி-க்கு மேலுள்ள இ பிளாட் என்று நெருக்கமாக அடுக்கினால் பளிச்சென்று இருக்கும். வேர்ச்சுரத்தை பாஸ் கிடார் பார்த்துக்கொள்ளும். டிராம்போனை மிகக் கீழே இறக்கினால் பாஸ், கீபோர்டு எல்லாவற்றோடும் கலந்து குழம்பிவிடும்.

சுரம் எங்கே தொடங்குகிறது என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள், எங்கே முடிகிறது என்பதில் யாரும் இருப்பதில்லை. முதல் தட்டில் தொடங்கும் இரண்டு தட்டு நீளச் சுரம் (ஹாஃப் நோட்) என்றால் மூன்றாம் தட்டில் நிற்க வேண்டும் என்று முன்பே பேசிவையுங்கள். ஃபங்க்கில் சுரத்தை ‘டாட்’ என்று நாக்காலேயே அடைக்கலாம். ஃபங்க் டிராம்போன் கலைஞர் ஃப்ரெட் வெஸ்லியின் துல்லியத்தைக் கேட்டுப் பழகுங்கள். சல்சாவில் அணுகுமுறை நேர் எதிர். 1961ல் பியானோ கலைஞர் எடி பால்மியேரி தொடங்கிய லா பெர்ஃபெக்டா குழுவில் டிராம்போன்களே முன்னணி, ஓசை கரகரப்பாகவும் அகலமாகவும் இருக்கும். அங்கே காம்போவுக்கான மென்மையான ஓசை எடுபடாது. மேஜர் கார்டின் மூன்றாம் சுரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் மூன்று ஹார்ன்களும் அழகாக ஒட்டும். கீபோர்டும் அதே சுரத்தை வாசிக்கிறது என்றால் அதன் சுருதிக்கே போய்விடுங்கள்.

மேடையில் ஸ்லைடு முழுதாக நீண்டால் இன்னும் 57 செ.மீ. முன்னே போகும், எனவே முன்னால் ஒரு மீட்டராவது காலியாக இருக்கட்டும். மியூசிக் ஸ்டாண்டைத் தாழ்த்தி, ஸ்லைடு அதன் வலப்பக்கம் போகும்படி வையுங்கள். மைக்கைப் பெல்லிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, நடு அச்சிலிருந்து சற்று விலக்கி வைக்கச் சொல்லுங்கள். உரக்க ஊதும்போது கூர்மையான ஓசை எல்லாம் நேர்க்கோட்டில்தான் பாயும். பெல்லில் மாட்டும் கிளிப் மைக் என்றால் கேபிளை இடத் தோள்பக்கமாக முதுகுக்குப் பின்னே கொண்டுபோங்கள்.