ஸ்டெனோ மெஷினில் வேகம் கூட்ட: ஸ்ட்ரோக்கைக் குறைப்பது எப்படி?

அமெரிக்க நீதிமன்ற ரிப்போர்ட்டர்கள் எழுதும் ஆர்.பி.ஆர். சான்றிதழ் தேர்வில், கேள்வி-பதில் பகுதியின் வேகம் நிமிடத்துக்கு 225 சொல். அதில் 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். பல விசைகளை ஒன்றாக அழுத்தி எடுக்கும் ஒரு தடவைதான் ஒரு ஸ்ட்ரோக். சொல்லுக்குச் சராசரியாக ஒன்றரை ஸ்ட்ரோக் போடுகிறவர், இந்த வேகத்தில் நொடிக்கு ஐந்தரை முறைக்கு மேல் விசைகளை அழுத்தி எடுக்க வேண்டியிருக்கும். சொல்லுக்கு ஒரு ஸ்ட்ரோக் போதும் என்கிற அளவுக்கு வந்தவருக்கு நொடிக்கு நாலு முறைகூடத் தேவைப்படாது. விரல் ஓடும் வேகத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை எட்டிய பிறகு கைகொடுப்பது சுருக்கி எழுதும் பழக்கம்தான்.

கம்ப்யூட்டரில் ஸ்டெனோ எழுத உதவும் ப்ளவர் மென்பொருளில் அடிப்படைப் பாடங்களை முடித்து, ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 40, 50 சொல் எழுதி, அங்கேயே நின்றுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ப்ளவர் இலவசம். அதற்குத் தனி மெஷின் வேண்டாம், கம்ப்யூட்டர் கீபோர்டே போதும். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை விசை அழுத்தினாலும் அத்தனையையும் பதிவு செய்கிற கீபோர்டாக இருக்க வேண்டும். இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். கீழே வரும் ஒரு சொல்லுக்கே ஒன்பது விசை வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. ஒரு ஸ்ட்ரோக்கில் இடக்கை முதல் மெய்யையும், கட்டைவிரல்கள் உயிரையும், வலக்கை கடைசி மெய்யையும் எழுதும். தமிழ் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். வலக்கையில் மட்டும் எழுத்துப் பெயர்கள் குழப்பும், ஏனென்றால் பி இரண்டு, டி இரண்டு. நடுவிரலுக்கு மேலே இருப்பதை மேல்-பி என்றும் கீழே இருப்பதை கீழ்-பி என்றும் சொல்கிறேன். சுண்டுவிரல் இருக்கும் இடத்தில் உள்ளது டி, அதற்கும் வலப்பக்கம் கடைசி வரிசையில் உள்ளது ஓர-டி.

முதல் படி: எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள்

உங்களுக்குப் பழக்கமான பேச்சு ஒன்றை ஐந்து நிமிடம் எழுதுங்கள். பிறகு ப்ளவரின் பேப்பர் டேப் ஜன்னலைத் திறந்து, நீங்கள் போட்ட ஸ்ட்ரோக்குகளை மேலிருந்து கீழே வாசியுங்கள். அடிக்கடி வந்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஸ்ட்ரோக் தின்ற சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து சொல் போதும். வேறொருவரின் ஐந்நூறு பிரீஃப் (சொல்லுக்கான சுருக்க ஸ்ட்ரோக்) பட்டியலை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் எல்லாம் கலங்கிப்போகும். உங்கள் டேப்பிலிருந்து எடுத்த பத்து சொல் கையில் நிற்கும்.

இரண்டாம் படி: சின்னச் சொற்களை ஒட்டுங்கள்

‘தி’ என்பதற்கு வலக்கை டி மட்டும். ‘ஆஃப்’ என்பதற்கு வலக்கை எஃப் மட்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ‘ஆஃப் தி’, ஒரே ஸ்ட்ரோக். இடக்கையில் டி-பி-எச் மூன்றும் சேர்ந்தால் என், அது தனியாக வந்தால் ‘இன்’. அதோடு வலக்கை டி சேர்ந்தால் ‘இன் தி’. பிட்மன் ஷார்ட்ஹேண்ட் படித்தவர்கள் கிராமலாக்கையும் சொற்களை இணைத்து எழுதும் ஃப்ரேஸையும் நினைத்துக்கொள்ளலாம், இதுவும் அதே வழிதான். இந்தப் படியை ஒரு நாளில் கடந்துவிடலாம்.

மூன்றாம் படி: அழுத்தமில்லாத உயிரை விடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ‘டிராவல்’ என்ற சொல்லை அசை பிரித்தால் இரண்டு ஸ்ட்ரோக் ஆகும். காதால் கேட்டுப் பாருங்கள்: ‘டிரா’ என்பதில்தான் அழுத்தம், ‘வல்’ என்பதில் உயிர் இருக்கும் இடமே தெரியாது. அந்த உயிரை விட்டுவிடுங்கள். வலக்கையில் எஃப் விசையே வி ஒலிக்கும் நிற்கும் என்பதால், டி-ஆர்-ஏ-எஃப்-எல் என்று ஒரே ஸ்ட்ரோக்கில் முடிந்துவிடும். ‘லெவல்’ இதே மாதிரிதான்: இடக்கையில் எச்-ஆர் சேர்ந்தால் எல், பிறகு ஈ, பிறகு எஃப்-எல். ‘நெவர்’ என்பதற்கு டி-பி-எச், ஈ, எஃப்-ஆர்.

‘கிவன்’ என்ற சொல்லை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஜி ஒலிக்கு இடக்கையில் டி-கே-பி-டபிள்யூ, குறில் இகரத்துக்கு ஈ-யூ, வி ஒலிக்கு எஃப், என் ஒலிக்கு மேல்-பியும் கீழ்-பியும். மொத்தம் ஒன்பது விசை, வேலை செய்வதோ ஐந்து விரல்தான். இடது மோதிரவிரல் டி-க்கும் கே-க்கும் நடுவிலுள்ள இடுக்கில் இறங்குகிறது, இடது நடுவிரல் பி-டபிள்யூ இடுக்கில். வலது கட்டைவிரல் ஈ-யூ இடுக்கில், வலது நடுவிரல் இரண்டு பி-க்கும் இடையில். தனி விசையைத் தொடுவது வலது ஆள்காட்டிவிரல் ஒன்றுதான், அது எஃப் மேல். இதைத் தாளம் போட்டுக்கொண்டு மெதுவாக இருபது முறை அழுத்திப் பாருங்கள். ஒன்பது விசையும் ஒரே சத்தமாக விழ வேண்டும். இரண்டு சத்தமாகக் கேட்டால் ஏதோ ஒரு விரல் பிந்துகிறது.

நான்காம் படி: விகுதியை உள்ளேயே சேருங்கள்

அழைப்பதைக் குறிக்கும் ‘கால்’ என்பதற்கு கே-ஏ-யூ-எல். கடைசியில் எஸ் சேர்த்தால் ‘கால்ஸ்’, ஓர-டி சேர்த்தால் ‘கால்ட்’, ஜி சேர்த்தால் ‘காலிங்’. எல்லாமே ஒரே ஸ்ட்ரோக். எல் மேலே, ஜி அதற்கு நேர் கீழே என்பதால் வலது மோதிரவிரல் இடுக்கில் விழுந்தாலே ‘காலிங்’ வந்துவிடும்.

‘டாக்கிங்’ மட்டும் இதற்குப் பணியாது. ‘டாக்’ என்பதன் கடைசி கே ஒலிக்கு வலக்கையில் கீழ்-பியும் ஜியும் ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டது. ஒரே விசையை இரண்டு தடவை அழுத்த முடியாது. அதனால் ‘டாக்’ ஒரு ஸ்ட்ரோக், ஜி தனியாக இன்னொரு ஸ்ட்ரோக். ‘வாக்கிங்’, ‘லுக்கிங்’ இரண்டுக்கும் இதே கதி. புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஏதாவது குறுக்குவழி தேடி நாளைக் கழிக்கிறார்கள். வேண்டாம், இரண்டு ஸ்ட்ரோக்கிலேயே எழுதுங்கள். யோசிக்காமல் போடும் இரண்டு ஸ்ட்ரோக், யோசித்துப் போடும் ஒன்றைவிட வேகம்.

ஐந்தாம் படி: சொற்றொடருக்கு ஒரு அச்சு

நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் ‘டு யு’ என்று தொடங்கும் கேள்விகள் கொட்டிக்கொண்டே இருக்கும். தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஒரே அச்சில் வார்த்துவிடலாம். டி-கே-ஓ-யூ என்பது ‘டு யு’. இடக்கையில் டி-கே சேர்ந்தால் ‘டு’ என்பதன் முதல் ஒலி, அவ்வளவுதான். வலக்கை மட்டும் மாறும்: எஃப் சேர்த்தால் ‘டு யு ஹாவ்’, ஆர்-எல் சேர்த்தால் ‘டு யு ரிகால்’, ஆர்-மேல்-பி-எல் சேர்த்தால் ‘டு யு ரிமெம்பர்’. மூன்று சொல், ஒரு ஸ்ட்ரோக்.

இந்த உற்சாகத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ‘டு யு நோ’ என்பதற்கு அதே அச்சில் என் ஒலியை, அதாவது இரண்டு பி-யையும், சேர்த்துப் பதிந்துவிட்டேன். அடுத்த நாள் பயிற்சியில் ‘ப்ளீஸ் சிட் டவுன்’ என்று எழுதினால் திரையில் ‘ப்ளீஸ் சிட் டு யு நோ’ என்று வந்தது. ‘டவுன்’ என்ற சொல்லுக்கும் டி-கே-ஓ-யூ, இரண்டு பி என்று அதே ஸ்ட்ரோக்தான். எந்த ஸ்ட்ரோக்குக்கு எந்தச் சொல் என்று ப்ளவர் வைத்திருக்கும் மூல அகராதிக்கு மேலே நாம் சேர்ப்பது உட்கார்ந்துகொள்ளும் என்பதால் பழைய சொல் மறைந்துபோயிற்று. ‘டு யு நோ’ ஸ்ட்ரோக்கில் நடுவிலுள்ள நட்சத்திர விசையையும் சேர்த்துத்தான் சரிசெய்தேன். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஆட் டிரான்ஸ்லேஷன் ஜன்னலில் ஸ்ட்ரோக்கைப் போட்டதும், அது ஏற்கெனவே எந்தச் சொல்லுக்கு உரியது என்று காட்டும். அந்த வரியை வாசிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பழக்கம்

மார்க் கிஸ்லிங்பரி 2004-ல் நிமிடத்துக்கு 360 சொல் எழுதிக் கின்னஸ் சாதனை செய்தவர், சுருக்கி எழுதுவதை அழுத்திச் சொல்லிவருபவர். அவர் வேகத்தைப் பார்த்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சுருக்கிவிடத் தோன்றும். நாளொன்றுக்கு மூன்று புதிய சுருக்கம் போதும். ஒவ்வொன்றையும் முதலில் தனியாக, பிறகு அது வரும் வாக்கியம் ஒன்றில், பிறகு ஓடும் பேச்சில் எழுதுங்கள். சஜெஷன்ஸ் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். நீங்கள் எழுதிய சொல்லுக்கு அகராதியில் இன்னும் குறுகிய வழி இருந்தால் அங்கே தெரியும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி பேப்பர் டேப்பைப் பாருங்கள். புதிய சுருக்கம் வரும் இடத்தில் கை ஒரு கணம் நிற்கிறதா? இன்னும் மூன்று நாள் கொடுங்கள். அப்போதும் நின்றால் அந்தப் பிரீஃபை அகராதியிலிருந்து நீக்கிவிட்டு, பழைய இரண்டு ஸ்ட்ரோக்குக்கே திரும்புங்கள்.